ஞாயிற்றுக்கிழமை மூச்சு

“இதுக்குப் பேரு?”

“வலை.”

“வலையா?”

“பாத்தா வேற என்ன மாதிரித் தெரியுது? நிக்கல் கம்பியில பின்னுன வலைதான? கரண்ட்டு இதுலதான் வந்து நிக்கும். தண்ணி இதுல பட்டுத்தான் ரெண்டாப் பிரியும்.”

“நாங்க மின்முனைன்னு சொல்லுவோம்ங்க்கா. இந்தப் பக்கம் நேர்மின்முனை, அந்தப் பக்கம் எதிர்மின்முனை.”

“சொல்லிக்கிடுங்க, யாரு வேண்டாம்னா? நேரு எது, எதிரு எதுன்னு எங்க ஆளுவளுக்கு ஒவ்வொரு மட்டமும் குழப்பம். அதனால இது கடல் பக்கத்து வலை, அது கம்பெனிப் பக்கத்து வலை. ரெண்டுக்கும் நடுவுல இருக்குல்லா, இது பாய்.”

“சவ்வு.”

“பாய். வள்ளத்துல கட்டுவாவள்லா, அந்தப் பாய். அது காத்தப் பிடிச்சு நிறுத்தும். இது ரெண்டு காத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேரவிடாம நிறுத்தும். சேந்தா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.”

“வெடிக்கும்.”

“பாத்தியளா, இதுல ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான்.”

நப்பின்னை சிரித்துவிட்டாள். அவள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பாதுகாப்பு ஆய்வாளர். கம்பெனி முன்பு எழுதி அனுப்பிய பாதுகாப்புக் குறிப்புகளைச் சிப்பித்துறை ஆலையில் யாரும் படிக்கவில்லை. எந்த உறுப்பை இவர்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று தெரிந்தால், படிக்கும்படியாக வேறொன்று எழுதலாம். வந்ததற்கு அவள் சொன்ன காரணம் அதுதான். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது.

தண்ணீரைப் பிரிக்கும் கலம் ஒன்றைக் கழற்றி, அதன் பாகங்களைத் தார்ப்பாயின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டிக்கொண்டிருந்தவள் செலஸ்டின். ஆலையின் பகல் ஷிப்டுக்கு அவள்தான் தலைவி. நான்கு படகு தள்ளி நிற்பவரைக் கூப்பிடுகிற குரல் அவளுக்கு. அருகில் நிற்பவரிடமும் அதே குரலில்தான் பேசினாள்.

“வலை, பாய், வலை. அதுக்கு ரெண்டு பக்கமும் பலகை. உங்க பாஷையில அது...”

“தகடு.”

“பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ரப்பர் கேஸ்கட்டு. அதுக்கு நாங்க பேரு வைக்கல, பாவம். உள்ள ஓடுறது காரத் தண்ணி. கையில பட்டா தோலு உரிஞ்சிரும். இப்படி நூத்துக்கணக்குல அடுக்கி, ரெண்டு பக்கமும் போல்ட்டு போட்டு இறுக்கினா ஒரு வள்ளம்.”

கூடத்தில் பன்னிரண்டு வள்ளங்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீல எழுத்தில் ஒரு பெயர்: கடலரசி, தூய சந்தியாகு, விடிவெள்ளி, ஸ்டெல்லா மாரிஸ். மெல்லிய உறுமல் தரை வழியாகக் கால்களில் ஏறியது. ஏதோ ஒரு பெரிய விலங்குக் கூட்டம் உண்டுவிட்டு உறங்குவதுபோல இருந்தது நப்பின்னைக்கு.

அவள் கையில் ஆலையின் வரைபடம் இருந்தது. கலத்தின் ஒரு பக்கத்திலிருந்து தடித்த அம்புக்குறி கிளம்பிக் கப்பல் துறைக்குப் போனது. அதன்மேல் ‘விளைபொருள்: ஹைட்ரஜன்’ என்று இருந்தது. மறுபக்கத்திலிருந்து மெலிந்த அம்புக்குறி கடலுக்குள் போனது. அதன்மேல் ‘கழிவு: ஆக்ஸிஜன்’.

செலஸ்டின் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள். “இத எழுதுனது யாரு, நீங்களா?”

“இல்லீங்க்கா. ஆலை கட்டறப்பவே போட்ட படம்.”

“அப்ப சரி. இந்தக் கழிவுலதான் எங்க குடா உசுரோட கெடக்கு. கண்ணால பாத்தியன்னா உங்க படத்துல வேற எழுதுவிய. நாளைக்கு என் தம்பி கூட்டிட்டுப் போவான்.”

*

தம்பியின் பெயர் காஸ்பர். ஆக்ஸிஜன் குழாய் கடலுக்குள் இறங்குகிற இடத்தில், பாலத்தின் கடைசியில், ஒரு சிறிய வால்வு அறை. அதை எல்லோரும் மூச்சு வீடு என்றார்கள். காஸ்பரின் வேலை அங்கே. குழாய் அடைத்துக்கொண்டால் முங்கிப் போய்ச் சுத்தம் செய்வதும் அவன்தான்.

சனிக்கிழமை காலை அவன் ஒரு ஃபைபர் படகில் நப்பின்னையை ஏற்றிக்கொண்டு குடாவின் நடுவே போய் இன்ஜினை அணைத்தான். காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய்போலக் கனத்துக் கிடந்தது. அதன் நடுவே, நேராக வகிடெடுத்த மாதிரி, கரையிலிருந்து எதிரே தெரிந்த தீவு வரைக்கும் ஒரு கோட்டில் குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன.

“சோடாக் கம்பெனிக்கு மேல உக்காந்திருக்க மாதிரி இல்ல?” என்றான்.

“எத்தனை வருசமா இப்படி?”

“நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம் ஆலை வந்துச்சு. அதுக்கு முன்ன இந்தக் குடா செத்துப் போயித்தான் கெடந்துச்சு மேடம். வெயிலு கூடிக்கூடி மேல் தண்ணி சூடாப் போர்வை மாதிரி மூடிக்கிடும். அடித்தண்ணிக்குக் காத்து எறங்காது. தெக்க இருந்து சோழகக் காத்து அடிச்சாக் கலக்கி விட்டுரும். அந்தக் காத்தும் இப்ப பாதி நாள் வர்றதில்ல. கம்பெனிக்காரவ கரையில எடம் கேட்டு வந்தப்ப எங்க ஆளுவ சொன்னாவளாம், எடம் தாறோம், நீங்க சும்மா வானத்துல விடுற காத்த எங்க கடலுக்குள்ள விடுங்கன்னு. அவியளுக்குச் செலவு ஒரு குழாய்தான். சரின்னுட்டாவ.”

“இப்ப மீன் இருக்கா?”

“முங்கிப் பாக்கியளா? அடியில முத்துச்சிப்பி கெடக்கு. எங்க தாத்தா காலத்துக்குப் பொறவு இப்பத்தான்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். “ஆஸ்பத்திரியில மூக்குல குழாய் மாட்டிப் படுத்திருக்க ஆளு மாதிரிதான் எங்க கடலு. ஆளு சிரிக்கும், பேசும், சாப்பிடும். குழாய மட்டும் கழட்டக் கூடாது.”

“ஞாயித்துக்கிழமை ஆலை நிக்குமே?”

காஸ்பர் இன்ஜின் கயிற்றைச் சுண்டினான். “பூசைக்கு வாங்க மேடம். எங்க கோயில்ல பாட்டு நல்லா இருக்கும்.”

*

அவள் பூசைக்குப் போகவில்லை. எல்லோரும் போன பிறகு, கூடத்தில் தனியாக நடந்தாள். கம்பெனி விதிப்படி ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு நாள்; வள்ளங்கள் எல்லாம் நின்றிருக்க வேண்டும். பெரிய திரையும் ‘நிறுத்தம்’ என்றுதான் காட்டியது. ஆனால் காலில் அந்த உறுமல், மிகச் சன்னமாக, இன்னும் இருந்தது.

மின்சாரப் பலகையைத் திறந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. கலம் நிற்கும்போது வலை துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சமாக ஒரு காப்பு மின்னோட்டம் விடுவது வழக்கம். அதன் திருகை யாரோ ஏற்றி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வள்ளங்களிலும் ஒரே அளவாக, மயிரிழை வித்தியாசம் இல்லாமல். முழு ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. கடலுக்குக் குமிழி போய்க்கொண்டிருந்தது. அழகான ஏமாற்று வேலை என்று நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த நிமிடம்தான், இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் குழாயில் என்ன சேரும் என்பது உறைத்தது.

கைக்கருவியை எடுத்து ஆக்ஸிஜன் குழாயின் சோதனை முனையில் பொருத்தினாள். ஆக்ஸிஜனில் எவ்வளவு ஹைட்ரஜன் கலந்திருக்கிறது என்று அது காட்டும். நூற்றுக்கு இரண்டு வந்தால் ஆலையை நிறுத்த வேண்டும். நான்கு வந்தால் ஒரு பொறி போதும். எண் இரண்டைத் தாண்டி, மூன்றையும் தாண்டிப் போய் நின்றது. ஆலையின் அபாய மணி அடிக்கவில்லை. ‘நிறுத்தம்’ என்று இருக்கும்போது அதற்கு அடிக்க வேலை இல்லை. அதைப் பொருத்தியவர்கள் அப்படித்தான் பொருத்தியிருந்தார்கள்.

யாராவது உள்ளே இருந்துவிடக் கூடாதே என்று மூச்சு வீட்டுத் தொலைபேசியை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு காஸ்பரின் குரல்.

“சொல்லுங்க மேடம். ஒரு போல்ட்டு இறுகிக் கெடக்கு, தட்டிக்கிட்டு இருக்கேன்.”

“எதால தட்டறீங்க?”

“ஸ்பேனராலதான்.”

“காஸ்பர், தட்டாதீங்க. அதை மெதுவாக் கீழ வைங்க.”

“என்ன மேடம், நான் கோயிலுக்குப் போகலன்னு கோவமா? அடுத்த வாரம்...”

“கீழ வெச்சுட்டீங்களா?”

அவள் குரலில் இருந்த எதுவோ அவனை நிறுத்தியது. “வச்சிட்டேன்.”

“எதையும் தொடாம வெளிய வாங்க. கதவைச் சாத்த வேண்டாம். பாலத்துல நடந்து கரைக்கு வந்துருங்க.”

அவன் கரையில் கால் வைத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகுதான் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். குழாயில் நைட்ரஜனைத் திறந்து விட்டு, கலந்து கிடந்த வாயுவைக் கடலுக்குள் தள்ளிய பின் அதையும் மூடினாள். உறுமல் அடங்கியது. அந்தக் கூடம் இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது.

*

செலஸ்டின் கோயிலிலிருந்து ஓடி வந்தாள். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். செருப்பு கையில் இருந்தது. குமிழிக் கோடு மறைந்ததைக் கோயில் படியிலிருந்தே பார்த்திருக்கிறாள். பின்னாலேயே மற்றவர்கள்.

“யாரு நிறுத்தினா?”

“நான்தாங்க்கா.”

“என்ன செஞ்சிருக்கியன்னு உங்களுக்குத் தெரியுமா? காத்து விழுந்து மூணு வாரம் ஆச்சு. சாயங்காலம் வரைக்கும் தாங்காது கடலு.”

“உங்க தம்பி மூச்சு வீட்டுக்குள்ள ஸ்பேனரால தட்டிட்டு இருந்தாருங்க.”

“அவன் வருசம் பூராந்தான் தட்டுதான்.”

“இன்னைக்கு அந்தக் குழாயில இருந்தது வெடி மருந்துங்க்கா.” நப்பின்னை கைக்கருவியை நீட்டினாள். எண் இன்னும் அதில் உறைந்து நின்றது.

செலஸ்டின் பார்த்தாள். அந்த எண்ணுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். கோபம் அப்படியே இருக்க, முகத்தில் இருந்த நிறம் மட்டும் போயிற்று.

“பாய் கிழிஞ்சிட்டா?”

“கிழியல. பழசாகிருச்சு. ஆனா புதுசா இருந்தாலும் கொஞ்சம் நழுவத்தான் செய்யும். கம்பெனிப் பக்கத்துல இருந்து கடல் பக்கத்துக்கு ஹைட்ரஜன் எப்பவும் துளி நழுவிட்டே இருக்குதுங்க்கா. கரண்ட்டு ஏத்தினாலும் குறைச்சாலும் கிட்டத்தட்ட அதே துளிதான். வேலை நாள்ல கடல் பக்கம் ஆக்ஸிஜன் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஒரு சிட்டிகை உப்பை ஒரு அண்டாத் தண்ணில போட்ட மாதிரி, தெரியாது. ஞாயித்துக்கிழமை நீங்க ஆக்ஸிஜனைப் பத்துல ஒண்ணாக் குறைச்சுடறீங்க. அதே சிட்டிகை உப்பு...”

“டம்ளர்ல.”

“ஆமாங்க்கா.”

செலஸ்டின் ஸ்டெல்லா மாரிஸின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். சேலை அழுக்காவதைக் கவனிக்கவில்லை. “எங்க அப்பா பழக்கிவிட்டது இது. நான் பன்னெண்டாவது படிக்கையில, கம்பெனியில புது விதி வந்துச்சு, ஞாயித்துக்கிழமை அடியோட நிறுத்தணும்னு. நிறுத்துனோம். பொழுது சாயுற நேரத்துல நண்டெல்லாம் பாலத்துத் தூணுல ஏற ஆரம்பிச்சிட்டு. தண்ணிய விட்டு வெளிய. ஒண்ணு மேல ஒண்ணு மிதிச்சிக்கிட்டு. வெலாங்கு மணல்ல வந்து வாயத் தொறந்துக்கிட்டுக் கெடந்துச்சு. நாங்க அள்ளல. எவனுக்கும் மனசு வரல. அடுத்த வாரம் அப்பா வந்து அந்தத் திருக ஏத்தி வச்சாரு. யாருக்கும் தெரியாம ஒரு சின்ன மூச்சு.” நிமிர்ந்தாள். “அத நிறுத்தச் சொல்லாதிய.”

“நிறுத்தச் சொல்லல. பங்கு போடற விதத்தை மாத்தச் சொல்றேன்.” நப்பின்னை அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்தாள். “பன்னெண்டு வள்ளத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா விடறதுக்குப் பதிலா, ஒரே ஒரு வள்ளத்தை முழுசா ஓட்டுங்க. மத்த பதினொண்ணையும் சுத்தமா மூடிடலாம். கடலுக்குக் கிட்டத்தட்ட இதே அளவு ஆக்ஸிஜன் போகும். ஆனா அண்டாவுல போட்ட உப்பா இருக்கும்.”

இது இவ்வளவு எளிது என்று சொல்லும்போதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் யாரும் சந்தோஷப்படவில்லை. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விடிவெள்ளியைக் கவனிக்கும் தொபியாஸ் முன்னால் வந்தார். அகலமான தோள், பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையின் காலர் பொத்தான் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

“அது நடக்காது மேடம். ஞாயித்துக்கிழமை ஒரு வள்ளம் மட்டும் தொழிலுக்குப் போறதா?”

“இது படகு இல்லைங்களே.”

“யாரு சொன்னா?” தொபியாஸ் வள்ளங்களின் நெற்றியில் இருந்த பெயர்களைக் காட்டினார். “ஆலை வந்தப்ப எங்க வள்ளங்கள ஒப்படைச்சோம். ஒரு வள்ளத்து ஆளுவளுக்கு ஒரு அடுக்குன்னு பிரிச்சுக்கிட்டோம். விடிவெள்ளி எங்க வள்ளம். அதோட பாய் எத்தன நாள் தாங்குதோ அத்தன நாள்தான் எங்களுக்குப் பங்கு. ஞாயித்துக்கிழமையும் ஓடுற வள்ளத்துப் பாய் மொதல்ல தேயும். அப்ப அந்த வீட்டுக்காரன் எங்க போவான்?”

“காசு மட்டும் இல்ல.” செலஸ்டின் நப்பின்னையிடம் திரும்பிச் சொன்னாள். “எங்க கரையில ஞாயித்துக்கிழமை எல்லா வள்ளமும் மணல்ல ஏறி நிக்கும். ஒருத்தன் மட்டும் போயி மத்தவன் பாத்துக்கிட்டு நிக்க மாதிரி ஒரு நாளும் வைக்கல. கொஞ்சம்னாலும் எல்லாருக்கும் ஒண்ணு போல. அதனாலதான் அப்பா பன்னெண்டுலயும் சமமாத் திருகி வச்சாரு.”

நப்பின்னை பன்னிரண்டு பெயர்களையும் ஒருமுறை பார்த்தாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் கோளாறு எழுதப்பட்டிருக்காது. யாரும் சோம்பேறித்தனப்படவில்லை, யாரும் திருடவில்லை. சமமாகப் பகிர்ந்துகொண்டதால் ஒரு குழாய் வெடிக்க இருந்தது.

“வாரம் ஒரு வள்ளமா மாத்தி மாத்தி ஓட்டலாம்ங்க. எல்லாப் பாயும் ஒரே மாதிரி தேயும்.”

“மாத்தலாம்” என்றார் தொபியாஸ். “அதுக்கு ஊர்க்கூட்டம் போடணும். பேசணும். மொத வாரம் யாரு, ரெண்டாவது வாரம் யாருன்னு அதுக்கே ஒரு மாசம் அடிச்சுக்கிடுவோம். எங்களப் பத்தி எங்களுக்குத் தெரியும்.”

அப்போது வாசலில் காஸ்பர் வந்து நின்றான். இவ்வளவு நேரமும் பாலத்தின் கரையோர முனையிலேயே நின்றிருக்கிறான். அவன் கையில் ஒரு நண்டு. பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கியிருந்தான். அது கொடுக்கை விரிக்கக்கூட முயலாமல் தொங்கியது.

“தூணுல ஏற ஆரம்பிச்சிட்டுக்கா” என்றான்.

வெளியே வெயில் இன்னும் உச்சிக்கே வரவில்லை.

செலஸ்டின் எழுந்தாள். சேலையை உதறினாள். “ஸ்டெல்லா மாரிஸ் போவுது.”

“ஏ செலஸ்டினு, ஊர்ல கேக்காம...”

“ஊர்ல கேட்டுக்கிட்டு இருங்க மாமா. நான் வேண்டாம்னு சொல்லல. கேட்டு முடிக்குத வரைக்கும் எங்க வள்ளம் ஓடட்டும். ஒரு மாசம் அடிச்சுக்கிட்டாலும் சரி, ஒரு வருசம் அடிச்சுக்கிட்டாலும் சரி. பாயி தேஞ்சா என் வீட்டுப் பாயிதான தேயும்?”

“தனியாவா போறே? ஞாயித்துக்கிழமையா?”

“நான் மீன் பிடிக்கவா போறேன்? தொழிலுக்குப் போனாத்தான் குத்தம். கரை தாண்டி ஒருத்தன் முங்கிக்கிட்டுக் கெடந்தா, என்னைக்கு நீங்க கெழம பாத்திய?”

தொபியாஸ் காலர் பொத்தானைக் கழற்றினார். பிறகு விடிவெள்ளியிடம் போய், அதன் அடியில் உட்கார்ந்து, அதன் வால்வை இறுக மூடினார். மற்றவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் வள்ளத்திடம் போனார்கள். பதினொன்றும் மூடிக்கொள்ளும் சத்தம் கூடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

செலஸ்டின் நப்பின்னையைப் பார்த்தாள். “ஏத்துங்க.”

“நீங்க ஏத்துங்க்கா. நான் கருவியைப் பார்த்துச் சொல்றேன்.”

ஸ்டெல்லா மாரிஸ் தனியாக உறுமத் தொடங்கியது. தனியாகக் கேட்கும்போதுதான் அதற்கு ஒரு சுருதி இருப்பது தெரிந்தது. நப்பின்னை சோதனை முனையில் பொருத்திய கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றை எட்டியது. ஒன்றுக்குக் கீழே இறங்கியது. அரைக்கும் கீழே போய் அங்கேயே நின்றது. அவள் கையை உயர்த்தினாள்.

பாலத்துக்குத் திரும்பியிருந்த காஸ்பர் அங்கிருந்து ஒரு சீட்டி அடித்தான். குமிழிக் கோடு கரையில் தொடங்கித் தீவை நோக்கி, ஒரு பென்சில் கோடு இழுப்பதுபோல, மெல்ல நீண்டுகொண்டு போயிற்று.

“அடுத்த வாரம் விடிவெள்ளி” என்றார் தொபியாஸ், யாரையும் பார்க்காமல். “கூட்டம் பொறவு போட்டுக்கிடலாம்.”

*

பிற்பகலில் செலஸ்டினும் நப்பின்னையும் பாலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே தூண்களில் ஏறியிருந்த நண்டுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், பின்பக்கமாக, படி இறங்குவதுபோல.

செலஸ்டின் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குவாளியில் கறிக்குழம்பும் சோறும் இருந்தன. நப்பின்னை சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் எதுவும் கேட்கவில்லை.

“இப்ப சொல்லுங்க” என்றாள் பிறகு. “வலைக்கும் பாய்க்கும் பேரு கேக்க கோயம்புத்தூர்ல இருந்து ஆளு அனுப்ப மாட்டாவ. எதுக்கு வந்திய?”

நப்பின்னை கையைக் கடல் தண்ணீரில் கழுவினாள். பொய் சொல்ல நிறைய நேரம் இருந்தது. சொல்லத் தோன்றவில்லை.

“ஆலையை மூடலாமா வேண்டாமான்னு பார்க்க அனுப்பினாங்க்கா. நம்ம ஹைட்ரஜனை வாங்கிட்டு இருந்தவங்களுக்கு இப்ப மண்ணுக்கடியில தோண்டினாலே கிடைக்குது. கரண்ட்டும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். இதைவிட ரொம்ப மலிவு.”

“கப்பலு கொறஞ்சப்பவே நெனச்சேன்.”

“மூடறதுக்கு ஒரு காரணம் வேணும் அவங்களுக்கு. இங்க ஆபத்துன்னு நான் எழுதினாப் போதும்.” குரல் இறங்கிவிட்டது. “இன்னைக்குக் காலையில நடந்ததை நான் எழுதாம இருக்க முடியாதுங்க்கா. எழுதாம விட்டு நாளைக்கு வேற ஒரு ஊர்ல இதே மாதிரி யாராவது பங்கு போட்டாங்கன்னா...”

“எழுதுங்க. எழுதத்தான் வேணும். என் தம்பி உள்ள நின்னிருக்கான். எழுத வேண்டாம்னு நான் சொல்லுவேன்னு நெனச்சியளா?”

நப்பின்னை தலையை ஆட்டினாள். இல்லை என்றா, ஆம் என்றா என்று அவளுக்கே தெரியவில்லை.

செலஸ்டின் குமிழிகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வலையை இழுப்பதற்கு முன் கனம் பார்ப்பவள்போல இருந்தாள்.

“ஒண்ணு கேக்கேன். கடல் பக்கத்த மட்டும் வச்சுக்கிட்டு, கம்பெனிப் பக்கத்த நிறுத்த முடியுமா?”

“முடியாதுங்க்கா. தண்ணி பிரிஞ்சா ரெண்டுமாத்தான் பிரியும். ஒரு பக்கம் வந்தா மறுபக்கமும் வரும்.”

“சரி. வரட்டும். வந்தத மேல உசரமா ஒரு குழாய் வச்சு வானத்துல விட்டா யாருக்காவது கெடுதலா?”

“ஒழுங்காச் செஞ்சா இல்ல. ஆனா அதைப் போய் யாராவது சும்மா வானத்துல...”

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நேற்றுப் படகில் காஸ்பர் இதே வார்த்தைகளைத்தான் சொன்னான்: நீங்க சும்மா வானத்துல விடுற காத்து.

செலஸ்டின் சிரித்தாள். “அதத்தான சொல்லுதேன். கரண்ட்டுக்கு உப்பளத்துல சோலார் தகடு விரிச்சுக் கெடக்கு, அத வெயிலு பாத்துக்கிடும். காரத் தண்ணி கலக்க எங்களுக்குத் தெரியும். பாய் மாத்தத் தெரியும். ஒரு வள்ளத்த எப்படித் தனியா ஓட்டணும்னு இன்னைக்கு நீங்க சொல்லிக் குடுத்துட்டிய. எந்தக் கப்பலும் வர வேண்டாம் எங்களுக்கு.”

“அடுக்கையெல்லாம் கழட்டி வித்துருவாங்க்கா. அதான் திட்டம்.”

“அந்தப் படம் எங்க?”

நப்பின்னை பையிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். காற்று இல்லாததால் அது அசையாமல் மடியில் கிடந்தது. ஒரு தடித்த அம்புக்குறி, ஒரு மெலிந்த அம்புக்குறி. செலஸ்டின் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மெலிந்த கோட்டின் மேல் இருந்த அந்தச் சொல்லின் மேல் மறுபடியும் விரலை வைத்தாள்.

“இந்த ‘கழிவு’ங்கிறத இங்கன இருந்து எடுத்து அங்கன எழுது, தங்கச்சி. ‘விளைபொருள’த் தூக்கி இங்கன போடு. நடந்ததையும் எழுது, ஒண்ணும் மறைக்காத. எல்லாம் எழுதிட்டுக் கடைசியா எங்களுக்காக ஒண்ணே ஒண்ணு கேளு அவியள்ட்ட: அவியளுக்கு வேண்டியது எங்களுக்குக் கழிவு, எங்களுக்கு வேண்டியது அவியளுக்குக் கழிவு. போகும்போது வள்ளங்கள மட்டும் இங்கனயே விட்டுட்டுப் போகச் சொல்லிக் கேப்பியா?”